மழலை காத்த மாமணி

அழைப்பிதழில் மொத்தம் பத்தொன்பது தலைகள். நடுவே பெரிய வட்டத்துக்குள் அறக்கட்டளைத் தலைவர் கல்யாணராமன். அவரைச் சுற்றிச் சின்ன வட்டங்களில் தலைமை தாங்குகிறவர், முன்னிலை வகிக்கிறவர், முன்னிலை வகிக்கிறவரை வரவேற்கிறவர், குத்துவிளக்கு ஏற்றுகிறவர், ஏற்றும்போது கூட நிற்கிறவர். எல்லாருக்கும் அடியில், அச்சகத்தின் போன் நம்பருக்கு ஒரு விரற்கடை மேலே, தபால்தலை அளவில் இரண்டு படங்கள். ஒன்று செம்மொழி, இன்னொன்று வைரக்கண்ணு. விருது இந்த இரண்டு பேருக்குத்தான் என்பது அழைப்பிதழை இரண்டாம் தடவை படிக்கிறவர்களுக்கு மட்டும் விளங்கும்.

“இது என் ரேஷன் கார்டு படமுல்ல,” என்றார் வைரக்கண்ணு. “இவங்களுக்கு எப்புடிக் கெடச்சுது?”

“என் படத்துல பாதி மாஸ்க்குதான் இருக்கு. உங்களுக்காவது மூஞ்சி இருக்கேண்ணே.”

ஒரத்தநாட்டில் நிற்கும் 108 வண்டியில் இவர்கள் இரண்டு பேரும் ஆறு வருஷமாக ஜோடி. செம்மொழி பின்னால் நோயாளியோடு இருக்கும் மருத்துவப் பணியாளர். வைரக்கண்ணு முன்னால் வண்டி ஓட்டுகிறவர். ஆனால் அந்த வண்டியில் ஓட்டுகிறவரை டிரைவர் என்று சொல்லக்கூடாது. பைலட் என்றுதான் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். சம்பளம் டிரைவர் சம்பளம்தான். பட்டம் மட்டும் ஆகாயத்தில்.

கல்யாணராமன் சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீக நிலமெல்லாம் கைவிட்டுப் போனபிறகு பூர்வீக ஊர்மேல் அவருக்குப் பாசம் பிடித்துக்கொண்டது. வருஷத்துக்கு ஒரு விருது கொடுப்பார். போன வருஷம் மரம் நட்டவர்களுக்குக் கொடுத்தார். மரங்கள் இப்போது இல்லை, கேடயங்கள் இருக்கின்றன. இந்த வருஷம் அவர் கண் குழந்தைகள்மேல் விழுந்தது. ஆபத்தில் இருந்த குழந்தைக்கு அரிய சிகிச்சை கொடுத்த ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு ‘மழலை காத்த மாமணி’ விருது.

போனில் அவர் கேட்டபோது செம்மொழி, “இல்லீங்க சார், டூட்டி இருக்கும்,” என்று கழற்றிக்கொள்ளத்தான் பார்த்தாள்.

“அந்தக் குழந்தையையும் மேடைக்குக் கொண்டு வர்றோம்மா. வெண்பாதானே பேரு? நீங்க கையில தூக்கிக்கறீங்க. அதான் ஹைலைட்டே.”

“எத்தனை மணிக்குங்க சார் வரணும்?” என்றாள்.

*

போன ஆனி மாசம். கல்லணையிலிருந்து புது ஆற்றில் விட்ட தண்ணீர் கிளை வாய்க்காலில் பிரிந்து, ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு கடைமடை ஊருக்கு வந்து சேர்ந்த காலை. தண்ணீர் வருகிறது என்றால் அங்கே வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். மதகடியில் ஊரே கூடி, நுரையும் சருகுமாகத் தள்ளிக்கொண்டு வருகிற முதல் தண்ணீரில் பூவையும் நெல்லையும் தூவிக் கும்பிட்டு நின்றது. சுடர்விழி என்கிற பெண்ணும் மடிநிறையப் பூவோடு நின்றாள். அவள் பின்னாலேயே வந்த இரண்டரை வயது மகள் வெண்பா, நாலு வீடு தள்ளி வாய்க்காலுக்குள் இறங்கினாள். மாசக்கணக்காக அவள் சொப்பு வைத்து விளையாடிய மணல் அது. நேற்றுச் சாயங்காலம்வரை அவளுடைய இடம். இன்றைக்கும் அங்கேதான் விளையாடப் போனாள்.

எல்லாரும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு மூச்சும் இல்லை, நாடியும் இல்லை. எவ்வளவு நேரம் உள்ளே கிடந்தாள் என்று கேட்டதற்கு ஒருத்தர் மூணு நிமிஷம் என்றார், ஒருத்தர் பத்து என்றார். செம்மொழி பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஏறினாள். சுடர்விழியும் ஏறினாள். முப்பது அழுத்து, இரண்டு மூச்சு. மறுபடி முப்பது, மறுபடி இரண்டு. ஒரு கைக்குக்கூடக் காணாத நெஞ்சு. ஓட்டுகிற இடத்திலிருந்து வைரக்கண்ணு, “தங்கச்சி, இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். பதில் சொல்ல மூச்சு இல்லை. தாய்க்காரி பிள்ளையைப் பார்க்கவே இல்லை. செம்மொழியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதில் என்ன தெரிகிறதோ அதுதான் தன் தலையெழுத்து என்பதுபோல. மூடிய கைக்குள் பூ அப்படியே இருந்தது.

தஞ்சாவூர் ரோட்டில் சூரக்கோட்டை தாண்டும்போது வெண்பா ஒரு தடவை இருமினாள். வாய்க்கால் தண்ணீர் செம்மொழியின் சட்டையெல்லாம் தெறித்தது. அப்புறம் இழுத்து இழுத்து ஒரு மூச்சு.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: “உயிர் வந்துருச்சும்மா. மூளைக்கு எவ்வளவு நேரம் காத்து போகலைன்னு தெரியல. பேசுமா, நம்மளை அடையாளம் தெரியுமா, அதெல்லாம் இனிமேதான்.”

ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கினாள். கையெழுத்து வாங்கிவிட்டால் கேஸ் முடிந்தது. வண்டி டேப்லெட்டில் இருந்த போன் நம்பரும் அத்தோடு மறைந்துவிடும். வாசலோடு மறந்துவிட வேண்டும் என்பதுதான் அந்த வேலையில் எல்லாரும் பழகிக்கொள்கிற பாடம். செம்மொழியும் நூற்றுக்கணக்கில் மறந்தவள்தான். இதை மட்டும் முடியவில்லை.

மறுநாள் போய் விசாரித்தாள். மேல்சிகிச்சைக்குச் சென்னைக்கு அனுப்பியாகிவிட்டது. ஒரு மாசம் கழித்து ஊருக்கே போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரி, “புள்ளை பேச்சே இல்லாம வெறிச்சுப் பாத்துக்கிட்டு கெடக்காம்,” என்றாள். பக்கத்து வீட்டுக்காரி, “யாரு சொன்னா? நல்லாத்தான் இருக்காமே,” என்றாள். இரண்டு பேருமே பார்க்கவில்லை. சுடர்விழி தன் அம்மா வீட்டோடு போய்விட்டாள் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

“புள்ளைய விட்டுட்டுத் தண்ணி பாக்கப் போனவ. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க இருப்பா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி. அன்றைக்கு அவளும் மதகடியில்தான் நின்றிருப்பாள்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வண்டி சும்மா நிற்கும் நேரங்களில், பஸ்ஸுக்கு நிற்கிற சின்னப் பிள்ளைகள் பேசுவதை உன்னிப்பாகக் கேட்பாள். தின்பண்டம் கேட்டு அழுகிற பிள்ளை, அம்மாவை வையும் பிள்ளை, காக்காயோடு சண்டை போடும் பிள்ளை. எது பேசினாலும் கேட்பாள். தன் கைக்கடியில் துடித்த அந்த நெஞ்சிலிருந்து எப்படிப்பட்ட குரல் வரும் என்று அவளுக்குத் தெரியாது. இருமல் மட்டும்தான் தெரியும். ஏழு மாசமாக அந்த இருமலுக்கு ஒரு குரலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

*

தை மாசம். ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு மறித்திருந்தார்கள். வைரக்கண்ணுவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து தஞ்சாவூர் போகும்போது செம்மொழி பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள்: “என்னை அடையாளம் தெரியுமாண்ணே அதுக்கு?”

“கண்ணே தொறக்கலையே தங்கச்சி அன்னிக்கு. எப்புடித் தெரியும்?”

“அதுவும் சரிதான்.” கொஞ்ச தூரம் போனபிறகு, “பேசுமாண்ணே?”

“பேசாத புள்ளையையா மேடை ஏத்துவாங்க?” என்றார் வைரக்கண்ணு. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் மண்டபம்வரை போனாள்.

நாலு மணி விழா ஆறு மணிக்குத் தொடங்கியது. முதலில் தலைவருக்குப் பொன்னாடை. பிறகு தலைவர் எல்லாருக்கும் பொன்னாடை. பிறகு பொன்னாடை வாங்கியவர்கள் ஒருவருக்கொருவர். ஒரே சால்வை மூன்று தோள் மாறியதைச் செம்மொழி தன் கண்ணால் பார்த்தாள். ஓரத்தில் காபிக்கறை இருந்ததால் அடையாளம் தெரிந்தது. குழந்தை நலம் என்ற தலைப்பில் பேச வந்தவர், தாம் குழந்தையாக இருந்தபோது எவ்வளவு புத்திசாலி என்று முக்கால் மணி நேரம் விளக்கினார்.

அவள் பார்வை மேடையின் பக்கவாட்டுக் கதவிலேயே இருந்தது.

பாராட்டுப் பத்திரம் வாசிக்கப் புலவர் தியாகராசன் எழுந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஆங்கிலச் சொல் ஒன்று உள்ளே புகுந்தாலும் பத்திரம் தீட்டாகிவிடும் என்று நினைக்கிறவர். இரண்டு பேருடைய விவரங்களையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அவரிடம் கொடுத்திருந்தார்கள். அதில் வைரக்கண்ணுவுக்கு நேரே பைலட் என்று இருந்தது. புலவர் சும்மா விடுவாரா?

“காற்றினும் கடிது விரைந்து, பச்சிளம் பாலகியின் இன்னுயிர் மீட்ட தலைசிறந்த விமானி, திருவாளர் வைரக்கண்ணு அவர்களே!”

கூட்டம் கைதட்டியது. வைரக்கண்ணு பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ வருகிறார்கள் என்று. செம்மொழி அவரை இடித்து எழுப்பினாள். கேடயத்திலும் அப்படியே பொறித்திருந்தது: சிறந்த விமானி. மேலே சின்னதாக ஒரு விமானப் படம். கேடயக்காரன் தன் பங்குக்குப் போட்டது.

சிறப்பு விருந்தினர் கையைக் குலுக்கிக்கொண்டே, “எந்த ஏர்லைன்ஸ்?” என்று விசாரித்தார்.

“கவர்மெண்ட்டுதாங்க,” என்றார் வைரக்கண்ணு.

“பேஷ்.”

அடுத்துச் செம்மொழி. அவள் மேடையேறியதும் விளக்குகளைக் கொஞ்சம் மங்கலாக்கி, எங்கிருந்தோ புல்லாங்குழல் போட்டார்கள். கல்யாணராமன் மைக்கைப் பிடித்தார். குரல் தழுதழுத்தது, தழுதழுக்கும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, கைக்குட்டை தயாராக இருந்தது. “இதோ, அன்னைக்கு மரணத்தின் வாசலுக்குப் போய்த் திரும்பி வந்த அந்தத் தளிர்… வெண்பா! வாடா கண்ணு!”

பக்கவாட்டுக் கதவில் ஒரு பட்டுப்பாவாடை நின்றது. நகரவில்லை.

“வெண்பா!”

அப்போதும் நகரவில்லை. பின்னாலிருந்து யாரோ ஒரு கை தள்ளிவிட்டது. பிள்ளை தத்தித் தத்தி வந்து மைக்குக்கு முன்னால் நின்று, ஒரே மூச்சில் சொன்னது: “எல்லாருக்கும் வணக்கம் என்னைக் காப்பாத்தின ஆன்ட்டிக்கு நன்றி தண்ணீரை வீணாக்காதீர்கள்.”

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செம்மொழிக்கு எதுவும் காதில் விழவில்லை. பேசுகிறது. பிசிறில்லாமல் பேசுகிறது. அன்றைக்கு நீலம்பாரித்துக் கிடந்த உதட்டை இந்த உதட்டோடு ஒட்டவைத்துப் பார்த்தாள், ஒட்டிவிட்டது. ஈரத்தில் அப்பிக் கிடந்த முடியை இந்த இரட்டைப் பின்னலோடு சேர்த்தாள், சேர்ந்துவிட்டது. பார்க்கத் தவித்த கண்ணுக்கு எல்லாம் பொருந்தும். குனிந்து பிள்ளையை அள்ளித் தூக்கினாள். ஏழு மாசத்துக் கனம் கையில் வந்து உட்கார்ந்தது. கழுத்தோடு முகம் புதைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். போட்டோக்காரர்கள் நாலாபுறமும் முண்டினார்கள்.

“அழுங்க மேடம், அப்படியே இருங்க, சூப்பர்,” என்றான் ஒருத்தன்.

பிள்ளை அவள் காதோடு வாயை வைத்தது.

“ஆன்ட்டி.”

“சொல்லுடா தங்கம்.”

“நான் தண்ணிலயே விழல. எனக்கு ஸ்விம்மிங் தெரியும். எங்க அப்பார்ட்மெண்ட்ல பூல் இருக்கு.”

செம்மொழி முகத்தை எடுத்துப் பார்த்தாள்.

“எம்பேரு சம்யுக்தா. தாத்தா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க. நீங்க அழறீங்கல்ல, அதான் சொன்னேன்.”

செம்மொழியின் கை தளரப் பார்த்தது. பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியைத்தான் மறுநாள் பேப்பரில் ‘தாய்மையின் பிடி’ என்று போட்டார்கள். ஏற்புரை சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள். அவள், “வெண்பா நல்லா இருக்கணும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். என்ன அடக்கம் பாருங்கள் என்று கூட்டம் வியந்தது.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் கல்யாணராமனை மடக்கினாள். “சார், அது உங்க பேத்திங்களா?”

அவர் சிரிப்பைக் கீழே போடவில்லை. “என் பொண்ணு ஷைலஜாவோட குழந்தை. லீவுக்கு வந்திருக்கா. அந்தக் குடும்பம் கடைசி நேரத்துல வரலேன்னுட்டாங்கம்மா. விழாவை நிறுத்த முடியுமா? இதை ஒரு சிம்பலா எடுத்துக்கணும். குழந்தைன்னா எல்லாம் ஒண்ணுதானே?”

“எனக்கு ஒண்ணு இல்லீங்க சார்.”

“கரெக்ட், கரெக்ட்,” என்று அவள் தோளைத் தட்டிவிட்டு, கூப்பிட்ட போட்டோவுக்குள் போய் நின்றுகொண்டார்.

கைகழுவும் இடத்தில் தியாகராசன் அவளுக்காகக் காத்திருந்தார். பத்திரம் வாசித்தபோது இருந்த கம்பீரத்தைக் காணோம். “நான்தாம்மா அந்தக் குழந்தையோட அம்மாவிடம் போனில் பேசினேன். அந்த ஊர்த் தலையாரிகிட்ட நம்பர் வாங்கி. திருவிடைமருதூர்ப் பக்கம், தாய்வீட்ல இருக்காங்க. விழான்னு வாயெடுத்ததும் என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டுது. ‘தண்ணி பாக்கப் போனவன்னு ஊரே சொல்லுது, நீங்க மேடை போட்டு வேற சொல்லணுமா’ன்னு கேட்டுது. மன்னிப்பு கேட்டுட்டு வச்சுட்டேன்.”

“புள்ளை எப்படி இருக்குன்னாங்க?”

தியாகராசன் கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டினார்.

“பேசுதாங்களா ஐயா?”

“அது… அதை நான் கேக்கலையேம்மா. வர்றாங்களா, மாட்டாங்களான்னு மட்டும்தான் கேட்டேன்.”

அழைப்பிதழின் பின்பக்கத்தில் நம்பரை எழுதிக் கொடுத்தார். அழகான கையெழுத்து. பத்து எண்ணையும் தமிழ் எண்களிலேயே எழுதியிருந்தார். செம்மொழி அழைப்பிதழை அவரிடமே திருப்பி நீட்டினாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு கீழே இன்னொரு தடவை சாதாரணமாக எழுதினார்.

*

மறுநாள் காலை டூட்டி. எட்டு மணி. ஆக்சிஜன் பார்த்து, வண்டி உள்ளே துடைத்தாகிவிட்டது. வைரக்கண்ணு டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“எம்பொண்டாட்டி காத்தாயி கேடயத்த டிவி மேல வச்சிருக்கா. காலையில பாலு ஊத்துறவன் கேக்குறான், ‘அண்ணே, துபாய்க்கு எவ்வளவு டிக்கெட்டு ஆவும்?’னு.”

செம்மொழி சிரிக்கவில்லை. போனை வைத்துக்கொண்டு அரைமணி நேரமாக அதே நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போடேன் தங்கச்சி.”

“என்னன்னு சொல்லுறதுண்ணே?”

“நாந்தான் அந்த நூத்தியெட்டு அக்கான்னு சொல்லு. அழுதுடும் அந்தப் பொண்ணு. கையெடுத்துக் கும்பிடும்.”

“அதாண்ணே பயமா இருக்கு.”

போட்டாள். நாலாவது மணியில் எடுத்தாள் சுடர்விழி. அந்தக் குரலைச் செம்மொழி ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தாள், வண்டியில் ஏறும்போது, வார்த்தை இல்லாமல்.

“யாருங்க?”

செம்மொழி வாயைத் திறந்தாள்.

“யாருங்க? திரும்பவும் விழாக்காரவுங்களா? அய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போவட்டும், எங்கள விட்டுருங்க. நானே இப்பத்தான் ராத்திரியில கொஞ்சம் கண்ண மூடுறேன்.”

அந்தக் கடைசி வார்த்தையில் செம்மொழி நின்றுவிட்டாள். இவள் தான் யார் என்று சொன்னால் போதும். சுடர்விழி அழுவாள், கும்பிடுவாள், உடனே வாங்க அக்கா என்பாள். இவளும் போவாள், பிள்ளையைப் பார்ப்பாள், தூக்கிக்கொள்வாள். கூடவே இவளுடைய முகமும் அந்த வீட்டுக்குள் போகும். வாய்க்கால் கரையிலிருந்து தஞ்சாவூர்வரை ஒருத்தி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்த முகம். இப்போதுதான் அவள் கண்ணை மூடுகிறாளாம்.

“இல்லீங்க,” என்றாள் செம்மொழி. “ராங் நம்பருங்க. மன்னிச்சுக்கங்க.”

“ஓ. பரவால்லீங்க.”

அந்தப் பக்கம் போனை எங்கேயோ வைக்கிற சத்தம் கேட்டது. ஆனால் கட் ஆகவில்லை. பாத்திரம் உருண்டது. யாரோ தண்ணீர் இறைத்தார்கள். இவளும் கட் பண்ண விரலைக் கொண்டுபோனாள். விரல் அங்கேயே நின்றது.

தூரத்தில் ஒரு கீச்சுக் குரல், கோபம் உச்சந்தலைக்கு ஏறிய குரல்:

“ம்மா! இந்தக் கோயி எஞ்சாக்குல ஒக்காந்துகித்து எந்தியிக்க மாத்தேங்குதும்மா! நீ வந்து சொல்லும்மா!”

“நீயே சொல்லுடி. எனக்கு வேலை கெடக்கு.”

“நா சொல்லித்தேன்! அது என்னய மொயைக்குதும்மா!”

செம்மொழி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இரைப்பு இல்லை. திக்கல் இல்லை. இழுத்து விட்ட மூச்சு அடிவயிற்றுவரை போய் வந்தது. இன்னும் சில எழுத்து வரவில்லை. வரும், மூணு வயசுக்கு அவசரமில்லை. கோழிக்குக் கோபம் வந்ததுகூடப் பிள்ளைக்குப் புரிகிறது. பிறகு சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம், இறக்கை அடிக்கிற சத்தம், யாரோ சிரித்தது, சுடர்விழியாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம் லைன் தானாகவே கட் ஆனது.

வைரக்கண்ணு டீக் கிளாசைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஆடை கட்டிவிட்டிருந்தது.

“என்னா தங்கச்சி? என்னா சொல்லுச்சு?”

செம்மொழி யூனிபாரத்தின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கோழி எந்திரிக்க மாட்டேங்குதாம்ண்ணே.”